நோர்மல் ஏழு

விரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் குழாய் அது. மேலே ஒட்டிய வெள்ளை டேப்பில் ‘நோர்மல் 7’ என்று அக்கா தன் கையாலேயே எழுதினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியிலேயே தங்கிவிட்டவர்; ஆய்வுகூடத்தில் எனக்குப் பக்கத்து மேசை. நான் கலஹாத் தேயிலைத் தோட்டத்துப் பெண், வேலைக்குப் புதிது. நாட்பட்ட இரத்தப் புற்றுநோய் வந்தவர்களின் உடலில் சில மரபணுக்கள் ஏன் வேலைசெய்யாமல் கிடக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தோம். மெதைல் என்ற சிறு துணுக்கு ஒட்டிக்கொண்டால் மரபணு வாயடைத்துப் போகும். அப்படி ஒட்டியிருந்தால் பரிசோதனைப் படத்தில் கோடுபோல ஒரு பட்டை கூடுதலாகத் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின், அதாவது ‘நோர்மல்’களின், இரத்தமும் வேண்டும். வெளியே அலைந்து கேட்க யாருக்குப் பொறுமை? நாங்களே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டோம்; ஏழாவது ஆள் அக்கா.

அக்காவின் இரத்தத்தில் அந்தப் பட்டை வந்தது. நோயாளி ஒருவரின் இரத்தத்தோடு கலந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். “அக்கா, ஒங்களுது பழுதாப் போச்சு. நாந்தான் பிழை விட்டுட்டேன்” என்றேன். “அதுக்கென்ன, இன்னொருக்கா எடன்” என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். மறுபடியும் அதே பட்டை. பதிவுப் புத்தகத்தில் ஏழாம் எண்ணுக்கு நேரே ‘பழுது’ என்று எழுதிவிட்டு, அவருக்குப் பதிலாக என் இரத்தத்தை வைத்துப் பார்த்தேன். பட்டை இல்லை. இரண்டாம் முறை என்ன வந்தது என்று அவரிடம் சொல்லவில்லை. நிம்மதியாக பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். அந்த நிம்மதியை நினைக்கும்போதுதான் எனக்கு என்னையே பிடிக்காமல் போகிறது.

இரண்டு வருடம் கழித்து, காய்ச்சல் விடவில்லையென்று எடுத்த சாதாரணப் பரிசோதனையில் அக்காவின் வெள்ளணுக்கள் எகிறியிருந்தன. அதே நோய். வார்ட்டில் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவரே கேட்டார்: “அண்டைக்குப் பழுதெண்டு சொன்னாயெல்லே. ரெண்டாந்தரம் என்ன வந்தது?”

“அதே பட்டைதாங்க்கா.”

முழங்கை மடிப்பில் ஊசி போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, “அப்ப நீ பிழை விடேல்லை” என்றார். திட்டியிருந்தால் அழுதிருப்பேன். முன்பே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று பின்னர் வைத்தியரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அக்கா இறந்த அன்றும் எனக்கு அழுகை வரவில்லை. செத்தவீட்டில் தேத்தண்ணி பரிமாறிக்கொண்டு நின்றேன்.

இன்று இரத்த மாதிரிகள் வைக்கும் குளிரூட்டியைத் துப்புரவாக்கச் சொன்னார்கள். நோயில்லாதவர்கள் பெட்டியில், ஏழாம் குழியில், அந்தக் குழாய் அப்படியே இருந்தது. பனியைத் துடைத்தேன். அக்காவின் எழுத்து அழியவில்லை. அதை எழுதும்போது அவர் தன்னை நோர்மல் என்றுதான் நம்பியிருந்தார். குழாயை நோயாளிகளின் பெட்டிக்கு மாற்றினேன். பழைய பதிவுப் புத்தகத்தைத் தேடியெடுத்து, ‘பழுது’ என்பதை வெட்டிவிட்டு, பக்கத்தில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விரல்கள் விறைத்துப் போயிருந்தன.