கவிழ்ந்தால் கழல வேண்டிய மூடி

செஞ்சி பஜாரில் லாரி தார்ப்பாய், ஆட்டோ கூரை, பைக் சீட்டு என்று எதைக் கொடுத்தாலும் தைத்துத் தருபவர் அமீர் ஜான். தைத்தது கழலக் கூடாது என்பதுதான் இருபது வருஷமாக அவருடைய ஒரே கவலை. நெல் லாரியில் தார்ப்பாயின் ஒரு முனை காற்றில் தூக்கினால்கூட டிரைவர் கடை வாசலில் வந்து கத்துவார்.

அந்தக் கடைக்கு ஒருநாள் ஷோபனா வந்தாள். பேங்கில் வேலை பார்க்கிறவள். லீவு நாளில் புதுச்சேரிக்குப் போய்க் கடலில் துடுப்புப் போடுவாள். அவளுடைய கேனூ, ஒல்லியான ஃபைபர் படகு, காரின் தலையில் கட்டியிருந்தது.

"அலை தெறிச்சு உள்ள தண்ணி நிரம்புது பாய். மேல ஒரு மூடி வேணும். என் இடுப்பச் சுத்தி மட்டும் ஓட்டை."

அமீர் ஜான் இதுவரை படகுக்குத் தைத்ததில்லை. அதனாலேயே உற்சாகம் வந்துவிட்டது. மூடியை எதால் பிடிக்க வைப்பது? வெல்க்ரோ ஒட்டு டேப்பை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு இழுத்தார், பிடி தளர்ந்தது. ஜிப்பில் கடல் மணல் புகுந்தால் நகராது. கயிறு கட்டினால் முடிச்சு இறுகிவிடும். கடைசியில் ஆட்டோ படுதாவுக்குப் போடும் பித்தளை டிச் பட்டன்களை, அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் வகை, எடுத்து மூடியின் ஓரத்திலும் படகின் விளிம்பிலும் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக அடித்தார்.

"புயலே வந்தாலும் அசையாது மேடம்."

"படகு கவுந்தா?"

"கவுந்தா இன்னா?"

"நான் வெளிய வரணுமே பாய்! தலகீழா தண்ணிக்குள்ள மாட்டிக்குவேனே."

அமீர் ஜானுக்குச் சுருக்கென்றது. படகை இறக்கச் சொல்லி, கடை வாசலிலேயே அதில் ஏறி உட்கார்ந்தார். கடையில் அவரோடு ரெக்ஸின் வெட்டும் மனைவி ஜாஹிதா பேகம் மூடியைப் போர்த்திப் பட்டன்களை அழுத்தினார். அமீர் ஜான் உள்ளிருந்து முழங்காலால் முட்டினார், உந்தினார். ஒரு பட்டன்கூட அசையவில்லை. முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"ஏங்க, அப்படியே இருங்க. பார்சல்ல போட்டுடறேன்" என்று சிரித்த ஜாஹிதா, முன்பக்க ஓரத்தைப் பிடித்து இழுத்தார். டக் டக் டக்கென்று பட்டன்கள் வரிசையாகக் கழன்றன.

"இரு, இன்னொரு தடவ மூடு!"

மூன்று தடவை மூடித் திறந்து பார்த்தார். அதே பட்டன்கள்தான். கீழிருந்து முட்டினால் எல்லாம் சேர்ந்து பிடிக்கின்றன. ஓரத்திலிருந்து உரித்தால் ஒவ்வொன்றாக விட்டுவிடுகின்றன. உடனே ஆள் உட்காரும் பகுதியைத் தனித் துண்டாக வெட்டி, மற்ற மூடியோடு பட்டனாலேயே சேர்த்தார். அதில் ஒன்று விட்டு ஒரு பட்டனைப் பிடுங்கினார். முன் ஓரத்தில், கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் கைக்குக் கிடைக்கும்படி தடித்த சிவப்பு வார் ஒன்றைத் தைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் பனமலை ஏரிக்குப் போனார்கள். அமீர் ஜான் லுங்கியை மடித்துக் கட்டி இடுப்பளவு தண்ணீரில் நின்றார். வாளி வாளியாக மூடிமேல் ஊற்றினார். உள்ளே கையளவுகூட இறங்கவில்லை. பிறகு ஷோபனா படகைக் கவிழ்த்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. அவர் படகைப் புரட்டக் கை நீட்டினார். அதற்குள் ஷோபனாவின் தலை மேலே வந்தது. கையில் சிவப்பு வார், இடுப்பில் பாவாடை மாதிரி அந்தத் தனித் துண்டு.

"ஒரே இழுப்பு பாய்!"

"சரி, இன்னொரு தடவ கவுருங்க. எந்தப் பட்டன் மொதல்ல விடுதுன்னு நான் உள்ள முங்கிப் பாக்கணும்."

கரையிலிருந்து ஜாஹிதா கத்தினார்: "கண்ணாடியக் கழட்டிட்டு முங்குங்க!"