எடைமேடையில் ஏறிய மேலாளர்

கல்குவாரி வாசலில் உள்ள எடைமேடையில் பத்தொன்பது வருடமாக லாரிகளை எடை போடுகிறவளை எல்லா டிரைவர்களும் தராசு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்து கிலோ குறைத்துப் போடச் சொல்லிக் கெஞ்சியவர்களும் உண்டு, மிரட்டியவர்களும் உண்டு. யாருக்கும் அவள் மசிந்ததில்லை. அப்படிப்பட்டவளுக்குத்தான் அலுவலகம் மோசடிக்காரி என்று பட்டம் கட்டியது.

போன மாதம் கணினியில் புது புரோகிராம் போட்டார்கள். அன்றிலிருந்து பிடித்தது சனி. மேடையருகே மாட்டியிருந்த எடைப்பெட்டி 33,420 கிலோ என்று காட்டிய லாரியை, கணினி மைனஸ் 32,116 என்றது. அவள் பெட்டியைப் பார்த்து நோட்டில் எழுதிவைத்தாள். நோட்டும் கணினியும் ஒத்துப்போகவில்லை என்றதும் மேலாளர் ஒரு கடிதத்தை நீட்டிவிட்டார். எடையில் கைவைத்ததற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும், இல்லையென்றால் வேலை கிடையாது. கல் ஏற்றிய லாரி காற்றில் மிதக்குமா என்று ஒரு நிமிடம் யோசிக்கக்கூட அந்த மனிதருக்கு நேரமில்லை. மெஷினைவிட மனுஷியைச் சந்தேகப்படுவது சுலபம் அல்லவா!

அவள் சும்மா இருக்கவில்லை. நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். 32,760 வரை ஒரு தப்பும் இல்லை. 32,770 ஆனதும் மைனஸ்.

மூன்றாம் நாள், சரியாக 32,760 காட்டிய லாரியை மேடையிலேயே நிறுத்திவிட்டு, மேலாளரையும் புரோகிராம் எழுதியவனையும் வரவழைத்தாள்.

"சார், நீங்க மேடையில ஏறுங்க."

"நான் எதுக்கும்மா?"

"ஏறுங்க சார், தெரியும்."

ஏறினார். எண்பது கிலோ ஆள். பெட்டி 32,840 என்றது. கணினி மைனஸ் 32,696 என்றது.

"உங்க எடையிலயும் நான் கைவெச்சுட்டேனா சார்?"

வரிசையில் நின்ற டிரைவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புரோகிராம்காரன் தலையைச் சொறிந்தான்.

"பழைய புரோகிராம் எழுதின மொழியில எண் பெரிசானா அதை வைக்கிற இடமும் தானா பெரிசாகும். புது மொழியில எவ்வளவு இடம்னு நாமதான் சொல்லணும். நான் சின்னதா சொல்லிட்டேன். 32,767-ஐத் தாண்டினா மைனஸ்ல போய் விழுந்துடும். சின்ன விஷயம்தான், அஞ்சு நிமிஷத்துல மாத்திடலாம்."

சின்ன விஷயமாம்! ஒருத்தியின் பிழைப்பே போக இருந்தது, இவனுக்குச் சின்ன விஷயம்.

மாற்றினான். "அதான் சரியாயிடுச்சே, லாரியை அனுப்பும்மா" என்றார் மேலாளர்.

அவள் வாசல் கேட்டைத் திறக்கவில்லை. கடிதத்தை மேசைமேல் விரித்து, பக்கத்தில் பேனாவை வைத்தாள்.

"மெஷின் தப்பு சரியாயிடுச்சு சார். உங்க தப்பை இதுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அப்புறம் கேட்டைத் திறக்கிறேன்."

வெளியே வரிசையில் நின்ற பதினோரு லாரிகளும் ஒன்றாக ஹாரன் அடித்தன. மேலாளர் பேனாவை எடுத்தார்.