விண்வெளி வீரர்கள் எப்படித் தூங்குவார்கள்?

பேண்டேஜ் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றபடியே பேக்கிங் பார்த்துவிட்டு, டவுன் பஸ்ஸிலும் நின்றபடியே வந்து வீட்டுக்குள் நுழைவேன். செருப்பைக் கழற்றுவதற்குள் கட்டிலில் இருந்து கேள்வி வரும்.

"ஏட்டி, ராக்கெட்ல போறவிய எப்படித் தூங்குவாவன்னு தெரியுமா?"

"நான் என்ன ராக்கெட்லயா வேலை பாக்கேன்?"

என் கணவர் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். பைக்கிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷனும் முடிந்து, நாலு மாதமாகக் கட்டிலில் கிடந்தார். பேச்சுத்துணைக்குச் செல்போன்தான். அதில் எப்படியோ விண்வெளி வீரர்கள் பற்றிய வீடியோக்களுக்குள் போனவர், வெளியே வரவே இல்லை. பகலெல்லாம் பார்ப்பார். சாயங்காலம் எனக்குப் பரீட்சை வைப்பார்.

அவர்கள் சுவரோடு கட்டிய பைக்குள் நுழைந்து தூங்குகிறார்களாம். அழுதால் கண்ணீர் கீழே விழாதாம், கண்ணிலேயே உருண்டு நிற்குமாம். சிறுநீரைச் சுத்தம் பண்ணித் திரும்பக் குடிக்கிறார்களாம். இதைக் கேட்ட நேரத்தில் நான் அவருடைய போர்வையை அலசிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அது நாலாவது போர்வை.

"குளிக்கிறதும் கிடையாதாம். ஈரத்துணியால தொடச்சுக்கிடுவாவளாம், என்னைய மாதிரி."

"அவிய தானே தொடச்சுக்கிடுதாவ. நீங்க கையத் தூக்குங்க."

பொறுமை எனக்கு எப்போதுமே கொஞ்சம் குறைவு. அந்த நாட்களில் சுத்தமாக இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அங்கே வந்து தினமும் நடைப்பயிற்சி செய்ய வேண்டும். இன்னும் ஒரு மாதம் இப்படியே கிடந்தால் பிறகு நடப்பது கஷ்டம். ராஜபாளையத்திலிருந்து ஆட்டோவில் அரை மணி நேரம். ஆனால் மூத்திரக்குழாயை எடுத்த பிறகு அவரால் அரை மணி நேரம் அடக்க முடியவில்லை. டயப்பர் கட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். ஒரு பாக்கெட் வாங்கி வந்தேன். அவர் அதைச் சுவர்ப்பக்கம் தள்ளிவிட்டார்.

"நான் என்ன கைக்குழந்தையா? ஆட்டோக்காரன் என்ன நினைப்பான்? காலு போனா போகட்டும்."

போனால் போகட்டுமாம். போனால் யார் தூக்குவது? எனக்கும் ஐம்பத்தாறு வயது. அவரைப் புரட்டிப் போட்டே என் முதுகு போய்விட்டது. கெஞ்சினேன், திட்டினேன், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்தேன். பாக்கெட் பிரிக்காமலே கிடந்தது.

ஒருநாள் சாயங்காலம் வழக்கம்போலக் கேள்வி. விண்கலத்தை விட்டு வெளியே மிதந்து ஆறேழு மணி நேரம் வேலை பார்க்கிறார்களே, அப்போது அவசரமாக வந்தால் என்ன செய்வார்கள்?

"டயப்பர் கட்டிக்கிடுவாவ" என்றேன். எனக்கு உண்மை தெரியாது. எரிச்சலில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"பொய் சொல்லுத."

"அப்ப உங்க போனையே கேளுங்க."

கேட்டார். போனில் ஒரு பெண்குரல், தெருவுக்கே கேட்கும் சத்தத்தில், ஆமாம், விண்வெளி வீரர்கள் வெளியே வேலை செய்யும்போதும், புறப்படும்போதும், பூமிக்குத் திரும்பும்போதும் டயப்பர் அணிவார்கள் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னது. எதிர்வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். மறுநாள் கேள்வியே இல்லை. அதற்கும் மறுநாள் காலையில், நான் கம்பெனிக்குக் கிளம்பும்போது, சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"அந்தப் பாக்கெட்டைப் பிரி. ஆட்டோக்காரனையும் வரச்சொல்லு."

கம்பெனிக்கு லீவு சொன்னேன். எதிர்வீட்டுக்காரரும் ஆட்டோக்காரரும் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள்.

"மேல போயித் திரும்பி வந்தவியளையும் இப்படித்தான் தூக்குதாவ" என்று அவர்களிடம் சொன்னார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆட்டோ ஊரைத் தாண்டியதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் கண் சொருகியதைப் பார்த்திருப்பார்.

"ஏட்டி, அவிய மேல இருக்கும்போது, கீழ அவிய பொண்டாட்டிமாரு எப்படித் தூங்குவாவ?"

"போன்ல கேளுங்க."

"நீ சொல்லு."

நாலு மாதத்தில் என்னென்னவோ கேட்ட மனுஷன், இதை இப்போதுதான் கேட்டார். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

"தூங்க மாட்டாவ" என்றேன்.

அவர் முனகிக்கொண்டே என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "ஸ்ரீவில்லிபுத்தூர் வர செத்த நேரம் ஆகும். சாஞ்சுக்கோ."

தோளில் சாய்ந்தது நினைவிருக்கிறது. கண்ணைத் திறந்தபோது ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமர நிழலில் நின்றது. ஆட்டோக்காரர் இறங்கி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். டீயும் பாதி முடிந்திருந்தது.

"வந்து எம்புட்டு நேரமாச்சு? எழுப்பக்கூடாதா?" என்று பதறினேன்.

"அரை மணி நேரம் இருக்கும்" என்றார் என் கணவர். ஆட்டோக்காரர் காதில் விழும்படியே, குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்: "நனைஞ்சிருச்சு. பரவாயில்ல, நீ தூங்கிட்டிருந்த."