பாதிச் சவரத்தில் நின்ற மூச்சு

ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த சந்துகளில் அவளை எல்லாரும் ‘ஊசி அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் அவளுக்குச் சுருக்கென்றது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ‘மேடம்’ என்று பெயரெடுத்தவள். ஆனால் போதை ஊசி போட்டுக்கொள்கிறவர்களைப் பற்றிய சுகாதார ஆய்வில் சேர்ந்தபின் ஒன்று தெரிந்தது. மேடம் என்று கூப்பிட்டவர்கள் யாரும் வாய் திறந்து உண்மை பேசவில்லை. அக்கா என்றவர்கள்தான் மனசில் கிடந்ததைக் கொட்டினார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

புது ஊசி கொடுப்பாள், பழையதைத் திரும்ப வாங்குவாள், நோய்க்கிருமி ஒட்டியிருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்ப்பாள். போதை மிஞ்சி மூச்சு அடங்கினால் மூக்கில் அடிக்கிற மருந்து ஒன்று உண்டு. அதை எப்படி அடிப்பது என்று சொல்லிக்கொடுத்து, அவர்கள் கையிலேயே கொடுத்தனுப்புவாள். அப்படிக் கொடுத்து வைத்தால் சாவு குறைகிறதா என்பதுதான் ஆய்வு.

அவள் புருஷனுக்கு அடுத்த தெருவில் சலூன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மனுஷன் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாசலிலேயே நிறுத்தி, “குளிச்சிட்டு உள்ள வா. எந்தக் கிருமியைக் கொண்டு வர்றியோ” என்பார்.

ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. “தொட்டா ஒட்டாதுங்க. ரத்தத்தோட ரத்தம் கலந்தாதான் வரும். உங்க கடையில ஒரே பிளேடால ரெண்டு பேருக்குச் சரைக்கிறீங்களே, அதை என்னன்னு சொல்றது?”

அவர் இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் அதற்கப்புறம் கடையில் ஆளுக்கொரு புது பிளேடுதான். அந்தத் தைரியத்தில் அவள் மூக்கு மருந்துப் பெட்டி ஒன்றையும் அவர் மேஜை டிராயரில் வைத்தாள். “இதெல்லாம் இங்க எதுக்கு? என் கடைக்கு வர்றவங்க கௌரவமானவங்க” என்று முணுமுணுத்தபடியே டிராயரை மூடினார்.

அந்தக் கௌரவமானவர்களில் ஒருவர் துணிக்கடை மேனேஜர். வெளுத்த சட்டை, அதிர்ந்து பேசாத குணம். விபத்தில் முதுகு அடிபட்டதிலிருந்து வலி மாத்திரை விழுங்குகிறவர் என்று சலூனில் எல்லாருக்கும் தெரியும். மாத்திரை போதாமல் ஊசிக்குப் போனது மட்டும் யாருக்கும் தெரியாது.

மத்தியான நேரம். இடது கன்னம் சிரைத்தாயிற்று. வலது கன்னத்தில் நுரை இருக்கும்போதே மேனேஜரின் தலை தொங்கியது. தூங்குகிறார் என்றுதான் நினைத்தார் சலூன்காரர். கண்ணாடியில் பார்த்தால் உதடு நீலம் பாரித்திருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினார். அசைவே இல்லை. மனைவிக்குப் போன் போட்டார்.

“மூச்சு இருக்கா?”

“எப்பவோ ஒண்ணு இழுக்குது. கொறட்டை மாதிரி. உதடெல்லாம் நீலம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.”

“ஓடும். போனை ஸ்பீக்கர்ல போடுங்க. ஆம்புலன்ஸை நான் கூப்பிடச் சொல்லிட்டேன். அவரைத் தரையில மல்லாக்கப் படுக்க வைங்க. டிராயரைத் திறங்க. தலையை நல்லா நிமித்துங்க. குழாயை ஒரு மூக்குல விட்டு அழுத்துங்க.”

அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. அவள் சொல்லச் சொல்ல, நுரை வழிந்த அந்த வாயில் வாய் வைத்து ஊதினார். கிருமிக்குப் பயந்து பெண்டாட்டியை வாசலில் நிறுத்திய அதே ஆள்தான்! கொஞ்ச நேரத்தில் மேனேஜர் மேல்மூச்சு வாங்கினார். கண் திறந்தார். சுற்றிலும் பார்த்தவர், நன்றி சொல்லவில்லை. “என்ன பண்ணீங்க என்னை? விடுங்க, நான் போகணும்” என்று எழுந்தார்.

“போக விட்டுடாதீங்க! மருந்து வேகம் அடங்கினா மறுபடி மூச்சு நிக்கும்” என்று போன் கத்தியது.

சலூன்காரருக்கு ஆளைப் பிடித்து வைக்கத் தெரியாது; நாற்காலியில் உட்கார வைக்கத் தெரியும். “சார், பாதி முகத்தோட தெருவுல போனா என் கடை மானம் என்னாகிறது? உக்காருங்க” என்றார். மேனேஜர் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்தார். சலூன்காரர் கத்தியைத் தொடவே இல்லை. பிரஷை எடுத்து நுரை போட்டார், துடைத்தார், மறுபடி போட்டார். ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்வரை அந்தக் கன்னத்தில் நுரை பூத்துக்கொண்டே இருந்தது.

அதோடு மேனேஜர் சலூன் பக்கம் தலைகாட்டவில்லை. துணிக்கடையிலும் இல்லை என்றார்கள். சலூன்காரர் மட்டும் அந்த நாற்காலியைத் துடைக்கும்போதெல்லாம் கொஞ்சம் நிதானித்தார்.

மழைக்காலத்தில் ஒருநாள் ஊசி அக்காவின் மேஜைக்கு எதிரே, முகக்கவசத்தோடு ஒருவர் வந்து உட்கார்ந்தார். சலூனில் பலமுறை பார்த்த மேனேஜர்தான்; கண்ணைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. எல்லாரிடமும் கேட்கிற கேள்விகளை அவரிடமும் கேட்டாள். “மூச்சு நின்னப்போ பக்கத்துல யார் இருந்தாங்க?”

“உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். நீங்க சொன்னாத்தான் எழுதலாம்.”

“முடி வெட்டறவர் இருந்தார்” என்றார். சொல்லிவிட்டு ரத்தம் எடுக்கச் சட்டைக் கையை மடித்தார்.

ரத்தத்தில் கல்லீரலைக் கெடுக்கிற கிருமி இருந்தது. மாத்திரையால் குணமாகக் கூடியதுதான். வலிக்கும் வேறு மருந்து கொடுத்தார்கள். நடுவில் ஒருமுறை போதை ஊசிப் பக்கம் வழுக்கினார், மறுபடி வந்தார். அவளோ வீட்டில் மூச்சு விடவில்லை. மேஜையில் கேட்டது மேஜையோடு என்பது வேலையின் விதி.

விதி கசந்தது சாப்பாட்டு நேரத்தில்தான். “அந்த மனுஷன் உசுரோட இருக்காரா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சா நிம்மதி” என்று புருஷன் தட்டைப் பார்த்துச் சொல்வார். சொல்ல விதி விடாது. தெரியாது என்று பொய் சொல்லவும் மனசு வராது. “இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க” என்பாள்.

கடைசியில் அவள் மேனேஜரிடமே கேட்டுவிட்டாள். “அவர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லலாமா சார்? வேண்டாம்னா வேண்டாம்.”

அவர் யோசித்தார். “நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க.”

அன்று சாயங்காலம் சலூனுக்கே போய்ச் சொன்னாள். அவர் தோள் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார். சீப்புகளை எடுத்தார், வைத்தார்.

பிறகு கேட்டார்: “இப்ப அவருக்கு முடி யார் வெட்றாங்களாம்?”