நீலத் திரையும் சாத்தூர்க்காரரும்

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசு லேபிள் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். மத்தாப்புப் பெட்டியில் இருக்கும் மயிலுக்குக் கூடுதலாக நாலு தோகை போட்டால் போதும், கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும். ஒரு கலரை மாற்றச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். கூடுதல் மெமரி இல்லாமல் இனி முடியாது என்று முதலாளியிடம் சண்டை போட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர் சாத்தூரில் சின்னதாகக் கடை வைத்திருந்த ஒருவர். எங்கள் அச்சகத்தை நம்பித்தான் அவர் கடை ஓடியது. மெமரியை முதலாளியிடம் கொடுத்தவர், தானே வந்து மாட்டித் தருவதாகச் சொன்னாராம்.

"எதுக்கு மொதலாளி? விரல் நீளத் தகடு. எனக்கு மாட்டத் தெரியாதா?" என்றேன்.

புதிதாக எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் நாங்கள் ஓட்டமாட்டோம். ஸ்கேனருக்கு வைத்தோம், பிரிண்டருக்கு வைத்தோம். மெமரிக்கும் வைத்தேன். சந்தனம் கொஞ்சம் நீர்த்திருந்தது. வழிந்ததைப் பெருவிரலால் துடைத்துவிட்டு மாட்டினேன்.

அன்று நன்றாகத்தான் ஓடியது. மறுநாளிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீலத் திரை விழுந்து கம்ப்யூட்டர் நின்றுபோனது. ஏழாயிரம்பண்ணைக் கம்பெனி ஆர்டர், அதுவும் சீசன் நேரம். வைரஸ் தேடினேன். ஃபேனைக் கழற்றித் தூசி தட்டினேன். விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போட்டேன். கடைசியில், புது மெமரியைக் கழற்றினால் ஓடுகிறது, மாட்டினால் விழுகிறது என்று தெரிந்தது. அப்புறம் என்ன சந்தேகம்?

"கெட்டுப்போன சரக்க நம்ம தலையில கட்டிட்டாரு மொதலாளி" என்றேன். அச்சகத்தில் இருந்த எல்லோரிடமும் அதையே சொன்னேன்.

மறுநாள் சாத்தூர்க்காரர் பஸ் பிடித்து வந்தார். முதலாளி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "நம்பி வாங்குனதுக்கு இப்படியா செய்வீக? சீசன்ல என் வேல கெடந்து போச்சேய்யா!"

"பாத்துருவோம் அண்ணாச்சி" என்று உள்ளே வந்தவர், மெமரியைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அதன் பொன்னிறப் பற்களில் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. மோந்து பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார். எனக்கு முகம் சுட்டது. என் மேசையில் இருந்த அழிரப்பரை எடுத்துப் பற்களைத் தேய்த்தார், மாட்டும் பள்ளத்தை பிரஷ்ஷால் கூட்டினார், மறுபடி மாட்டினார். அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தோம். விழவில்லை.

"என்னய்யா கோளாறு?" என்றார் முதலாளி.

"தூசி அண்ணாச்சி. நான் தொடச்சுக் குடுத்துருக்கணும்."

"தொடைக்காத சரக்கத்தான் விப்பீகளோ? சரி, கெளம்புங்க. இனிமே விருதுநகர்ல வேற ஆளு பாத்துக்கிடுதோம்."

நான் வாயைத் திறக்கவில்லை. சந்தனம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். முதலாளி சிரித்திருப்பார், மிஞ்சிப்போனால் இரண்டு திட்டு திட்டியிருப்பார். என் வேலை போயிருக்காது. அது அப்போதே எனக்குத் தெரியும். அத்தனை பேரிடமும் அவரைத் தூற்றிவிட்டு இப்போது மாற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "இனி விழாதும்மா" என்றார்.

விழவில்லை. நான் அங்கே வேலை பார்த்த கடைசி நாள்வரை ஒரு தடவைகூட விழவில்லை.