வளையத்துக்குள் நீட்டிய கழுத்து

நான் பார்க்காத ஒரு காட்சிதான் என்னை விடாமல் துரத்துகிறது. பார்த்தவற்றையெல்லாம் எப்படியோ மறந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஜூ டவுன் என்ற பழைய யூதத் தெருவில் ஒரு மிளகுக் கிடங்கில் எடை பார்க்கும் வேலை. சாக்கு அடுக்குக்குப் பின்னால் செம்மண் நிறத்தில் ஒரு பெட்டை நாய் படுத்திருக்கும். யார் எப்போது கட்டி இழுத்தார்களோ, கயிற்றைக் கண்டாலே அலறுவாள். கிடங்கோ முழுக்கக் கயிறு. ஒருநாள் மூட்டை கட்டியவரின் காலைக் கவ்விவிட்டாள். மழைக்காலம் ஓய்வதற்குள் கழுத்துப்பட்டை போட்டு வெறிநாய்த் தடுப்பூசியும் போடு, முடியாவிட்டால் விரட்டிவிடு என்றார் முதலாளி. பட்டையில்லாத நாய்களைப் பிடிக்க நகராட்சி வண்டி வரும் காலம் அது. அதில் ஏறிய நாய் திரும்பியதில்லை.

அடிக்கக்கூடாது, இழுக்கக்கூடாது என்று தீர்மானித்துக்கொண்டேன். முதலில் தரையில் கயிறு, பக்கத்தில் ஒரு நெத்திலிக் கருவாடு. அவள் வரும்வரை நான் அசையமாட்டேன். பிறகு கயிற்றை வளையமாகப் பிடித்து, கருவாட்டை வளையத்துக்கு அப்பால் வைத்தேன். மூக்கு நுழைந்தால் ஒன்று. காது நுழைந்தால் ஒன்று. தலை முழுவதும் வந்ததும் "மிடுக்கி" என்பேன். கெட்டிக்காரி என்று இங்கே அப்படித்தான் கொஞ்சுவார்கள். வெளியே மழை பெய்துகொண்டே இருந்தது. உள்ளே ஒரு பயம் விரல் விரலாகக் கரைந்தது.

மூத்த சுமைக்காரர் தமிழர்தான், ஆனாலும் இங்கத்து மலையாளத்தில் அண்ணன் என்று எல்லோருக்கும் அவர் சேட்டன். அவர் சும்மா இருக்கமாட்டார்.

"மூட்டைக்கு ஒரு மீனு எங்களுக்கும் போடேன்டா. நாங்களும் வாலாட்டறோம்."

சிரித்தேன். சிரித்துவிட்டு அவர் கையிலேயே கயிற்றைக் கொடுத்தேன். என்னிடம் மட்டும் பழகினால் போதாது, ஊசி போடுகிறவரிடமும் பயப்படக்கூடாது என்பது என் கணக்கு. அப்புறம் இன்னொருவர் கையில், சாயா கொண்டுவருகிறவர் கையில். யார் வளையம் பிடித்தாலும் தானே வந்து தலையைக் கொடுத்து, உட்கார்ந்து, அவர்கள் கையைப் பார்ப்பாள். எனக்கு ஒரே பெருமை. பட்டை வாங்குவதை மட்டும் தள்ளிப்போட்டேன். இன்னும் நாலு நாள் பழகட்டும் என்று.

அந்த நாலு நாளுக்குள் ஒரு காலையில் தோப்பும்படி வரை ஒரு வேலையாய்ப் போனேன். திரும்பியபோது கிடங்கில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சேட்டன்தான் சொன்னார்.

"வண்டி வந்ததுடா. மத்த பட்டி நாயெல்லாம் சிதறி ஓடிருச்சு. நாய் புடிக்கிறவன் நீளக் கம்புல கம்பி வளையம் வச்சிருந்தான். இவ மட்டும் எதிர்ல போனா. தலைய உள்ள விட்டுட்டு உக்காந்தா. அவன் கையயே பாத்துட்டிருந்தா."

"நீங்க சத்தம் போடலையா?"

"போட்டேன். மூட்டைய எறிஞ்சிட்டு ஓடியும் வந்தேன். அதுக்குள்ள இறுக்கிட்டான்."

அவன் கையில் தின்ன எதுவுமே இல்லை என்றும் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பயம் அவளுக்கு யாரோ செய்த கொடுமை என்று நினைத்திருந்தேன். அவளிடம் மிச்சமிருந்த ஒரே காவல் அதுதான். நான் அதை அன்பாகப் பிடுங்கினேன், துண்டு துண்டாக, ஒரு அடிகூட அடிக்காமல்.

அடுத்த பத்தாண்டில் இடக்கொச்சிக்குக் குடிவந்தேன். எங்கள் சந்திலும் நாய்கள் உண்டு. மீன்தலையைத் தூரமாக எறிவேன். கிட்டே வந்தால் காலைத் தரையில் உதைப்பேன். விலகி ஓடினால் இன்னொன்று எறிவேன். விலங்குகள் மேல் இத்தனை வெறுப்பா என்கிறாள் மனைவி. நேற்று ஒரு குட்டி வாலைக் குழைத்துக்கொண்டு நேராக என் காலடிக்கு வந்து, கழுத்தை நீட்டி நின்றது. தரையில் உதைக்கத் தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.