ட்றவுட் திறந்த சனிக்கிழமை

ஏப்ரல் மாதச் சனிக்கிழமை காலை, மோர்னிங்சைட் வீதி பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் தொடை வரை றப்பர் சப்பாத்துப் போட்ட ஒருவர், மடியில் தூண்டிலோடு இருந்தார். மீன்பிடி லைசென்ஸ் இருக்கிறதா என்று நிமிடத்துக்கொருதரம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

"இண்டையிலயிருந்துதான் ஆத்தில ட்றவுட் மீன் பிடிக்க விடுறாங்கள், அண்ணை. வின்ரர் முழுக்கக் காத்திருந்தனான்."

"இண்டைக்கு வேலை இல்லையோ?"

"இருக்கு. காய்ச்சல் எண்டு சொல்ல சூப்பர்வைசருக்குப் போன் எடுத்தன். அவரும் காய்ச்சலோட படுத்திருக்கிறாராம். ஆனால் போனுக்குள்ள ஆறு ஓடுற சத்தம் கேட்டுது."

"பிறகு?"

"எந்தப் பக்கம் நிக்கிறீங்கள் எண்டு கேட்டன். பாலத்துக்குக் கீழ, கெதியா வாரும் எண்டார்."

அடுத்த தரிப்பில் இறங்கி, சேற்றுப் பாதையில் கிட்டத்தட்ட ஓடினார். எனக்கு மட்டும் ஏன் அந்தக் காய்ச்சல் வரவில்லை என்று அன்று வேலை முடியும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.